பழவங்காடிக்கு வரவேண்டும் சர்வகலாசாலை

திருவனந்தபுரத்தில், பழவங்காடி கணபதி கோவிலின் முன்னே மாலை வேளையில் சற்று நேரம் நிற்பவருக்கு அந்நகரத்தின் அன்றாட வாழ்க்கை முழுவதும் கண்முன் வந்து போகும். ராணுவத்தாரின் பரிபாலனத்தில் உள்ள அந்தச் சந்நிதியில் நேர்ச்சைத் தேங்காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறிக்கொண்டிருக்க, கிழக்கே கோட்டையிலிருந்து புறப்படும் பஸ்களின் கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருக்க, சாலைக் கடைத்தெருவில் காலை முதல் மூட்டை சுமந்தவர்களும் நிறுத்துக் கொடுத்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் தமிழும் மலையாளமும் கலந்து பேசியபடி காந்தி பார்க்கைக் கடந்து வீடு திரும்புகிறார்கள். அவர்கள் நடக்கும் இடத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், காரியவட்டத்தில், கேரள சர்வகலாசாலையின் ஆராய்ச்சித் துறைகள் இருக்கின்றன. உள்ளூர் என்ற பெயர்கொண்ட பகுதியில் பொருளாதார ஆராய்ச்சிக்கு உலகப் புகழ் பெற்ற வளர்ச்சி ஆய்வு மையமும், ஆக்குளத்தில் பூமி விஞ்ஞான ஆய்வு மையமும், தும்பாவில் விண்வெளி ஆராய்ச்சி நிலையமும், கோட்டைப் பகுதியிலேயே நூற்றாண்டுகள் பழமையான ஓலைச்சுருணைகளைக் காத்துவரும் அரசாங்க ஆவணக் காப்பகமும் இருக்கின்றன.

இவ்வளவு ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் ஒரே நகரத்தில் அமைவது நம் தேசத்தில் சாதாரணமாகக் காணக்கூடியதன்று. எனினும் அவற்றில் நாள்தோறும் தேடிக் கண்டறியப்படும் உண்மைகளில் பெரும்பகுதி, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, வெளியூரிலோ வெளிநாட்டிலோ பிரசுரமாகி, அதே சாஸ்திரத்தில் பழகிய சிலரால் படிக்கப்பட்டு, பிறகு நூலக அலமாரிகளில் அடங்கிவிடுகிறது. யாருடைய ஊரைப் பற்றி, யாருடைய தண்ணீரைப் பற்றி, யாருடைய முன்னோரைப் பற்றி, யாருடைய வரிப்பணத்தைக் கொண்டு அந்த ஆராய்ச்சி நடந்ததோ, அவர்களுக்கு அதன் முடிவு இன்னதென்று, அவர்கள் வாழும் தெருவில், அவர்கள் பேசும் பாஷையில், அவர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்கக்கூடிய விதத்தில் ஒருவர் வந்து சொல்லவேண்டும் என்பதும், அதைச் சர்வகலாசாலைகள் ஓய்வுநேரத்துத் தருமமாகக் கருதாமல் தம்முடைய நித்திய கடமைகளில் ஒன்றாக ஏற்கவேண்டும் என்பதுமே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

கருத்தை அந்தரத்தில் நிறுத்திப் பேசுவதைவிட, பழவங்காடியிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய சாலைக் கடைத்தெருவைத் தாண்டிச் சென்றால் வலியசாலை வருகிறது. அங்கே அக்கிரகாரம் இருக்கிறது; காந்தளூர் மகாதேவர் கோவில் இருக்கிறது. ராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தி அவனுடைய வெற்றிகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கும்போதே முன்னால் நிறுத்துகின்ற காந்தளூர்ச் சாலை இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். வேறிடம் கூறுவோரும் உண்டு. அங்கே அம்மன்னன் செய்தது கடற்போரா, அல்லது ஒரு கல்விச்சாலையின் உள்நிர்வாகத்தில் செய்த மாறுதலா என்பது பற்றியும் அறிஞர் நெடுங்காலமாக வாதிட்டு வந்திருக்கின்றனர். திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, மழலைகளுக்குப் பாடிய அதே சிரத்தையோடு இந்தச் சாலையைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். கவிமணியின் பாட்டை அறிந்த தமிழர் கோடிக்கணக்கானோர். அவருடைய காந்தளூர் ஆராய்ச்சியை அறிந்தவர்களை, அச்சாலையின் பெயரைத் தினமும் சொல்லி வியாபாரம் செய்யும் தெருவிலேயே, தேடித்தான் பிடிக்கவேண்டும்.

காந்தளூரைப் போலவே அமைக்கப்பட்ட மற்றொரு சாலையின் சாசனம் நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. 866-ஆம் ஆண்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு ஆலயம் ஒன்றை எடுப்பித்து, அதனுடன் 95 மாணாக்கர்க்கு ஒரு சாலையும் நிறுவி, அது காந்தளூரின் முறைப்படியே நடக்கவேண்டுமென்று செப்பேட்டில் எழுதுவித்தான். அதைத் திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்த து.அ. கோபிநாத ராவ் பதிப்பித்து வெளியிட்டார். எந்த வேதசாகையைச் சேர்ந்தவர்க்கு எத்தனை இடம் என்பதும், ஒருவரையொருவர் ஏசினால் என்ன தண்டம் என்பதும், சபைக்கு ஆயுதத்துடன் வரலாகாது, சூதாடலாகாது என்பன போன்ற கட்டளைகளும் அதில் நுணுக்கமாகக் கூறப்பட்டுள்ளன. எல்லாவற்றையும்விட என் மனத்தைக் கவர்ந்தது, அங்கே சேர விரும்பும் மாணவன் வியாகரணம் முதலியவற்றோடு மூன்று அரசுகளின் வியவகாரத்தையும் அறிந்திருக்கவேண்டும் என்ற விதியாகும். நாட்டு நடப்பு அறியாத பாண்டித்தியத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரார் பாண்டித்தியமாக மதிக்கவில்லை.

இந்தச் செய்தியை ஒரு பேராசிரியர் வலியசாலையிலேயே, செப்பேட்டின் பிரதியைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டி, வரிவரியாக விரலை வைத்துப் படித்துக் காட்டினால் என்ன நிகழும் என்று எண்ணிப் பாருங்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் அந்தச் சாலைக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அதற்கு விடையாக அக்காலத்து நிலமானிய முறையைச் சொல்லவேண்டி வரும். கல்லூரி மாணவி ஒருத்தி அந்தத் தொண்ணூற்றைந்து பேரில் பெண் எவளும் இருந்தாளா என்று கேட்பாள். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எழுந்து, எங்கள் பாட்டன்மார் அந்தச் சாலையின் வாசலையாவது மிதித்திருப்பார்களா என்று கேட்பார். அது வேதசாகையினருக்கு மட்டுமே உரிய சாலை என்ற உண்மையைப் பேராசிரியர் மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பழம்பெருமை பேசும்போது இந்த மூன்றாவது கேள்வியை நாம் மறந்துவிடக் கூடாது. கல்வியைச் சிலருக்கு மட்டுமே உரியதாக வேலியிட்டு வைத்த வழக்கம் திருவிதாங்கூரில் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. தம் சமூகத்துக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்பதற்காக வயல்வேலையையே நிறுத்திப் போராடிய மகாத்மா அய்யன்காளி, 1911-ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் அங்கத்தினரானார். அச்சபை கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் 2019 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கோவில்களின் கதவை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பரில். இன்றைய கேரள சர்வகலாசாலையான திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலை தோன்றியது அதற்கு மறு ஆண்டில். திறந்த கதவுகளின் காலத்தில் பிறந்த ஒரு வித்யாஸ்தாபனம், தன் ஞானத்தைப் பரீட்சை எழுதுவோருக்கு மட்டும் தருவதோடு நின்றுவிட்டால், பழைய வேலி வேறொரு மரத்தால் கட்டப்பட்டதாகவே முடியும்.

நான் சொல்வது புதியதொரு வழக்கத்தைப் புகுத்தும் யோசனையன்று. இந்த நகரத்தின் பேராசிரியர்கள் பொதுஜனங்களிடையே வந்து பேசிய சரித்திரம் சர்வகலாசாலையைவிடப் பழமையானது. 1876-ஆம் ஆண்டில் பேட்டையில் ராமன் பிள்ளை ஆசான் நடத்திவந்த ஞானப்பிரஜாகரம் என்னும் சபைக்கு, மகாராஜா கல்லூரியின் சுந்தரம் பிள்ளையும் தைக்காடு அய்யாவு சுவாமிகளும் வந்து பிரசங்கித்தனர். பிற்காலத்தில் சட்டம்பி சுவாமிகள் என்று கேரளம் முழுவதும் போற்றிய குஞ்ஞன் பிள்ளை அங்கே கேட்டு வளர்ந்தவர். தத்துவப் பேராசிரியரான சுந்தரம் பிள்ளை 1885-இல் திருவனந்தபுரத்தில் சைவப்பிரகாச சபையைத் தோற்றுவித்தார். 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்ட அதே கையால், தென்திருவிதாங்கூரின் கோவில் சுவர்களில் கிடந்த வட்டெழுத்துச் சாசனங்களைப் படியெடுத்து, வேணாட்டு அரசர்களின் காலவரிசையை நிறுவி, 1894-இல் ஆங்கிலத்தில் ஒரு சரித்திர ஆராய்ச்சியும் எழுதினார். நாற்பத்திரண்டு வயதில் மறைந்த அப்பெருமகன் கல்லூரிக்கும் சபைக்கும் கல்வெட்டுக்கும் இடையே தன் நாட்களைப் பங்கிட்டுக்கொண்ட விதத்தை நினைத்தால், நேரமில்லை என்று சொல்லுகின்ற ஆசிரியர்களிடம் எனக்கு அனுதாபம் அவ்வளவாக உண்டாவதில்லை.

சென்னையிலும் இதற்கு உயர்ந்த உதாரணம் உண்டு. சர்வகலாசாலைப் பேராசிரியராக இருந்த ரா.பி. சேதுப்பிள்ளை, தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் வாரம் ஒருநாள் திருக்குறளையும், கந்தகோட்டத்து மண்டபத்தில் கந்தபுராணத்தையும் ஆண்டுக்கணக்காக விரித்துரைத்து வந்தார். தங்கசாலைத் தெரு என்பது நம் சாலைக் கடைத்தெருவைப் போலவே வண்டியும் மூட்டையும் நிறைந்த வியாபாரத் தெருவாகும். அத்தகைய தெருவில், நாளெல்லாம் கணக்குப் பார்த்துக் களைத்த மனிதர் வாரந்தோறும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் பேசியவரின் செந்தமிழ் மட்டுமன்று. அடுத்த வாரமும் அவர் தவறாமல் வருவார் என்ற நம்பிக்கையும் ஆகும். ஆண்டுக்கொருமுறை விழாவெடுத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பேச்சாளர் இறங்கிப் போனதும் பந்தலைப் பிரித்துவிடும் முறையால் இந்த நம்பிக்கை ஒருக்காலும் பிறக்காது.

கேட்பவர்களுக்கு உண்டாகும் நன்மையையே இதுவரை சொன்னேன். ஆராய்ச்சிக்கே இதனால் விளையும் லாபம் அதனினும் பெரிது என்பது என் உறுதியான அபிப்பிராயம். திருநெல்வேலிச் சீமையில் தருவை என்னும் ஊரில் பிறந்து திருவனந்தபுரத்தில் சம்ஸ்கிருத நூல்வெளியீட்டுத் துறையை நடத்திவந்த மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரி, 1909-ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக்கட்டைக் கண்டெடுத்தார். காளிதாசனே பெயர் சொல்லிப் புகழ்ந்தும் நூல்கள் கிட்டாமல் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த பாசனுடைய நாடகங்கள் அவை என்று அவர் நிச்சயித்து, 1912 முதல் அச்சிட்டு வெளியிட்டபோது, ஐரோப்பாவின் சம்ஸ்கிருத அறிஞர்கள் திருவனந்தபுரத்தை நோக்கித் திரும்பினார்கள். அந்தப் பொக்கிஷம் எந்த நூலகத்தின் பட்டியலிலும் இருந்ததன்று. ஒரு மடத்தில், யாரோ சிலர் தலைமுறை தலைமுறையாகக் கரையானிடமிருந்து காத்து வைத்திருந்ததனால் அது கிடைத்தது. இன்றும் சாலையிலும் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் உள்ள பழைய வீடுகளின் பரண்களில் ஏடுகளும், நூற்றாண்டு கண்ட கடைக் கணக்குப் புத்தகங்களும், தலைக்கட்டு வரிப் பற்றுச்சீட்டுகளும், ஜாதக ஓலைகளும் இல்லாமலிருக்க முடியாது. அவற்றின் மதிப்பை வீட்டாரிடம் வந்து சொல்லுவார் இல்லையென்றால், வீடு விற்கும் அன்றைக்கு அவை குப்பையோடு போகும். அதற்குப்பின் எந்தக் கண்டுபிடிப்பாளராலும் அவற்றை மீட்க இயலாது.

எழுத்தில் வராத ஞானமும் உண்டு. சாலைத் தெருவிலேயே கடை வைத்துப் பிழைத்து, அங்கே கண்ட மனிதர்களையே கதைகளாக எழுதி, தமிழுக்குச் சாகித்திய அகாதெமி விருது தேடித் தந்த ஆ. மாதவனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவின் பேச்சும் சச்சரவும் பசியும் வியாபார நுட்பமும் அவருடைய கடைத்தெருக் கதைகளில் பதிவாகியிருப்பதைப் போல எந்த ஆராய்ச்சி அறிக்கையிலும் பதிவாகவில்லை. அவரைப்போல் எழுதத் தெரியாவிட்டாலும், பழைய முகத்தல் அளவுகளையும், எந்தச் சரக்கு எந்த ஊர்ச் சந்தையிலிருந்து எந்த மாதத்தில் வந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் அத்தெருவில் இன்னும் இருக்கிறார்கள். பேராசிரியர் அங்கே ஒரு மணி நேரம் பேசிவிட்டு இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாரானால், அவருடைய அடுத்த நூலுக்கு வேண்டிய பாதி விஷயம் கையில் வந்துசேரும்.

கேள்வி கேட்கும் உரிமையே இத்தகைய சொற்பொழிவுகளின் உயிர்நாடி என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்தில் ஒரு சான்று இருக்கிறது. 1873-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை வெளியூர்களில் பொதுஜன உபந்நியாசங்களை ஏற்றெடுக்கும்படி செய்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ராக்டேல் நகரத்துத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் பேசிவந்தார். ஒருநாள் அவசரமாகப் புறப்படவேண்டியிருந்ததால், தாம் மாட்டிய படங்களை அடுத்த வாரம் வரை அப்படியே விட்டுவைக்கும்படி காவலாளியிடம் சொல்லிப் போனார். அந்த வாரம் தொழிலாளர்கள் அப்படங்களைப் பற்றித் தமக்குள் விவாதித்து, விளங்காதவற்றைக் கேட்பதற்காக அடுத்த சொற்பொழிவுக்கு முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள். அந்த உரையாடல் எவ்வளவு பயனுள்ளது என்பதை உணர்ந்த அவர், அதன்பின் சொற்பொழிவோடு கேள்விநேரத்தையும் ஒரு நியதியாக்கிக்கொண்டார். தறியோட்டும் தொழிலாளருக்கு இயன்ற இந்த விசாரணை, கணக்கிலும் பேச்சிலும் கெட்டிக்காரர்களான சாலை வியாபாரிகளுக்கு இயலாது என்று யார் சொல்லுவார்?

சரித்திரமும் சாசனமும் மட்டுமே மக்களுக்குச் சொல்லவேண்டியவை என்று எண்ணிவிடலாகாது. கனத்த மழை ஒரு மணி நேரம் நின்று பெய்தால் தம்பானூரிலும் பழவங்காடியிலும் முழங்கால் அளவு நீர் நிற்பதை அந்தப் பகுதியினர் ஆண்டாண்டாகக் கண்டு வருகின்றனர். கடைக்காரர்கள் அரிசி மூட்டைகளைப் பலகையின்மேல் ஏற்றி வைத்துவிட்டு, வாசற்படியில் நின்று நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2015-ஆம் ஆண்டில் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரால் தெக்கனங்கரைக் கால்வாயும் ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடையும் ஆக்கிரமிப்பு நீக்கித் தூர்வாரப்பட்டன. எனினும் 2024 ஜூலையில், தம்பானூரில் ரெயில் பாதைக்கு அடியில் செல்லும் அதே தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார். மலைபோல் தேங்கிய பிளாஸ்டிக் குப்பைக்கிடையே அவருடைய உடலைத் தேடி எடுப்பதற்கே நாட்கள் ஆயின. ஏழைத் தொழிலாளி ஒருவரின் உயிரைக் கொண்ட இந்தத் துயரத்தை நகரம் மறந்துவிடக் கூடாது.

ஒரு காலத்தில் பத்மநாபசுவாமி கோவிலின் புத்தரிசிக்காக நெல் விளைந்த புத்தரிக்கண்டம் இன்று மைதானமாகி, சுற்றிலும் தார்ச்சாலைகள் வந்த பிறகு, அந்த வயல் குடித்துவந்த மழைநீர் எங்கே போகும் என்பதைப் பூகோள சாஸ்திரம் அறிந்தவர்கள் வரைபடத்தோடு வந்து பழவங்காடியில் விளக்கவேண்டும். எந்தத் தெருவில் போட்ட பாலித்தீன் பை எந்த மதகில் போய் அடைக்கிறது, மண் எங்கே படிகிறது, எவ்வளவு மழையை இந்தக் கால்வாய்கள் தாங்கும் என்பன கடைக்காரருக்கு வியாபாரத்தைப் போலவே அவசியமான அறிவு. ஆமையிழஞ்சான் தோடு கடைசியில் போய்ச் சேருவது ஆக்குளத்துக் காயலில். 1978-இல் கேரள அரசு தொடங்கிய பூமி விஞ்ஞான ஆய்வு மையம் இருப்பதும் அதே ஆக்குளத்தில். தோட்டின் தலைமாட்டில் வசிப்பவர்களும் கால்மாட்டில் ஆராய்பவர்களும் மாதம் ஒருமுறையாவது சந்திப்பதற்குத் தடையென்ன இருக்கிறது? நகரசபையின் ஆணையையும் அபராதத்தையும் விட, காரணத்தை விளங்கிக்கொண்ட நூறு குடும்பங்கள் அந்தக் கால்வாயைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

தும்பாவின் கதையைச் சுருக்கமாகவாவது சொல்லவேண்டும். 1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் தோன்றிய திருவனந்தபுரம் வான ஆராய்ச்சி நிலையத்தில், ஜான் ஆலன் புரௌன் என்பவர் பூமியின் காந்த சக்தியை ஆண்டுக்கணக்காக அளந்து பதிவு செய்தார். அகஸ்தியமலை உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்தார். அந்த அளவுகள் 1874-இல் லண்டனில் அச்சாயின. பூமியின் காந்த மத்தியரேகைக்கு இந்தப் பிரதேசம் அருகில் இருப்பதே, பிற்காலத்தில் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று. ஆனால் அங்கே மாதா கோவிலும் மீனவக் குடியிருப்பும் இருந்தன. விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவை அணுகியபோது, ஆயர் தாமே முடிவு சொல்லிவிடாமல், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் கூடிய மக்களிடம் அந்த விஞ்ஞான முயற்சியின் நோக்கத்தை எடுத்துரைத்து, அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். 1963 நவம்பர் 21-ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. வீட்டையும் ஆலயத்தையும் விட்டுக்கொடுத்த அம்மக்களிடம் விஷயத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நிலத்தைக் கேட்ட அந்த வரிசைமுறை, எல்லா ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்கும் ஒரு பாடமாகும்.

மலையாள மொழியில் இப்பணியை ஒரு பெரும் இயக்கமாகவே செய்து காட்டினார்கள். 1962-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், விஞ்ஞானிகளையும் பள்ளி ஆசிரியர்களையும் ஒன்றுசேர்த்து, கிராமந்தோறும் வகுப்புகளும் கலைப் பயணங்களும் நடத்தியது. அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டும் திட்டம் வந்தபோது, அந்த மழைக்காட்டின் அருமையைத் தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் போன்றவர்கள் சாதாரண மக்களுக்கு விளங்கச் சொன்னார்கள், கருத்துவேற்றுமைகள் எழுந்தன, கடும் வாதங்கள் நடந்தன, இறுதியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1980 முதல் அறிவியல் இயக்கம் தொண்டாற்றி வருகிறது. திருவனந்தபுரத்துத் தமிழர்களோ இரண்டு பாஷைகளுக்கிடையே வாழ்கிறார்கள். மலையாளத்தில் பேசினால் விளங்கும், ஆனால் மனத்தில் உள்ளதைக் கேட்கும்போது தமிழே நாவில் வரும். ஆகையால் அவர்களுக்கென்று தமிழிலும் இந்த ஏற்பாடு வேண்டும் என்பதை நான் பாஷாபிமானத்தால் சொல்லவில்லை. கேள்வி கேட்பவனுக்குத் தாய்மொழியே துணை என்பதனாலேயே சொல்கிறேன்.

இதைச் செய்வதற்குரிய தகுதி காரியவட்டத்துத் தமிழ்த்துறைக்குத் தாராளமாக உண்டு. தமிழ் அகராதியைப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை பேராசிரியராக வீற்றிருந்த துறை அது. புறநானூற்றின் சொற்கள் அனைத்தையும் அடைவு செய்து 1962-இல் வெளியிட்ட வ.அய். சுப்பிரமணியம் அங்கிருந்தே திராவிட மொழியியலுக்குப் புதிய வழி வகுத்தார். அத்துறையின் தோற்றத்துக்கு 1940-களில் பொருளுதவி செய்தவர் ஒரு வணிகர், வள்ளல் அழகப்ப செட்டியார், என்பதை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். வணிகரின் செல்வத்தால் நிலைபெற்ற தமிழ்ப் பீடம், வணிகர் தெருவுக்கு வந்து பேசுவதில் ஒரு நன்றிக்கடனும் அடங்கியிருக்கிறது.

பொதுஜனங்களுக்காகப் பேசினால் சாஸ்திரம் நீர்த்துப்போகும் என்று அஞ்சுவோர் சொல்வதில் உண்மையின் ஓர் அம்சம் உண்டு. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஆபத்து எளிமையில் இல்லை, முகஸ்துதியில் இருக்கிறது. உங்கள் ஊரே உலகத்தில் முதல் ஊர், உங்கள் மொழியே எல்லாவற்றிற்கும் மூலம் என்று சொன்னால் கைதட்டல் நிச்சயம்; சான்று இவ்வளவுதான் இருக்கிறது, இதற்கு மேல் தெரியவில்லை என்று சொன்னால் சபை சற்று வாடத்தான் செய்யும். வையாபுரிப் பிள்ளை தமிழ் நூல்களுக்கு வகுத்த காலங்களைப் பலர் ஏற்கவில்லை. பல இடங்களில் பிற்கால ஆராய்ச்சி அவரைத் திருத்தியும் இருக்கிறது. ஆயினும் தமக்குக் கிடைத்த சான்று காட்டிய வழியே சென்று, ஜனங்களின் கோபத்துக்கு அஞ்சாமல் எழுதிய அந்தத் துணிவை, மேடையேறும் ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் பெறவேண்டும். நூறு பேரிடம் தெளிவாகச் சொல்ல முடியாத முடிவை ஆசிரியர் தாமே முழுதும் உணர்ந்திருக்கிறாரா என்பதும் சந்தேகத்துக்குரியதே.

நேரமும் அங்கீகாரமும் இல்லை என்பது அடுத்த தடை. பல்கலைக்கழக மானியக் குழு 1977-ஆம் ஆண்டிலேயே, போதனை, ஆராய்ச்சி ஆகிய இரண்டோடு சமூகத்துக்குச் செல்லும் விரிவாக்கப் பணியையும் மூன்றாவது பொறுப்பாக ஏற்று, அதற்குச் சம அந்தஸ்து அளிக்கவேண்டும் என்று கொள்கை வெளியிட்டது. ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியரின் தராசில் வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரைக்கு உள்ள கனத்தில் ஒரு பகுதியேனும் சாலைத் தெருவில் செய்த பன்னிரண்டு சொற்பொழிவுகளுக்குக் கிடைக்கும்படி செய்தால், கொள்கைத்தாளில் உறங்கும் அந்தச் சம அந்தஸ்து விழித்துக்கொள்ளும்.

செலவு பெரிதன்று, திட்டமும் எளிது. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, காந்தி பார்க்கிலோ புத்தரிக்கண்டத்திலோ அருகிலுள்ள சபை மண்டபம் ஒன்றிலோ, ஒரு மாதம் தமிழிலும் மறு மாதம் மலையாளத்திலுமாக ஓர் ஆராய்ச்சியாளர் முக்கால் மணி நேரம் பேசட்டும். மீதி நேரம் முழுவதும் கேள்விகளுக்கு விடப்படட்டும். தலைவருரையும் வாழ்த்துரையும் நன்றியுரையும் வேண்டாம். கையில் காட்டத்தக்க சான்று ஒன்று, செப்பேட்டின் படியோ, நீரோட்ட வரைபடமோ, ஓலையின் புகைப்படமோ, பேச்சாளருடன் வரவேண்டும். பேச்சின் சாரம் ஒரே தாளில் இரு மொழிகளிலும் அச்சிட்டு வந்தவர்க்கெல்லாம் கொடுக்கப்படவேண்டும். பெரிய பேராசிரியர்களையே எதிர்பார்க்காமல், முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் இளம் மாணவ மாணவியரையும் பேசவிடவேண்டும்; ஐந்தாண்டு உழைப்பின் பொருளைத் தன் தாயின் வயதுடைய பூக்காரி ஒருத்திக்கு விளங்கச் சொல்லுகின்ற பயிற்சியை வேறெந்தப் பரீட்சையும் அவர்களுக்குத் தராது.

காரியவட்டத்துத் துறைத் தலைவர்களையும், ஆக்குளம், உள்ளூர் ஆய்வு மையங்களின் இயக்குநர்களையும், சாலை வியாபாரிகள் சங்கத்தாரையும், நகரத்துத் தமிழ்ச் சங்கத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: நூறு நாற்காலிகளுக்கும் ஓர் ஒலிபெருக்கிக்கும் வணிகர்கள் பொறுப்பேற்கட்டும், பேச்சாளரை அனுப்பும் பொறுப்பைச் சர்வகலாசாலை ஏற்கட்டும், ஓராண்டுக்காவது இடைவிடாமல் நடத்திப் பார்க்கட்டும். முதல் சொற்பொழிவு வலியசாலையின் காந்தளூரைப் பற்றியதாகவும், இரண்டாவது மழைக்காலம் தொடங்குமுன் பழவங்காடியின் கால்வாய்களைப் பற்றியதாகவும் இருக்கலாம். திருவனந்தபுரத்துத் தமிழ் வாசகர்கள் இதற்காகக் காத்திராமல், தங்கள் தெருவுக்கு எந்த விஷயம் தெரியவேண்டும் என்பதை ஒரு கடிதத்தில் எழுதி இன்றே காரியவட்டத்துக்கு அனுப்பட்டும்.